அரிய ஆங்கிலக் குடும்பப் பெயரின் பூர்வீகத்தைத் தேடுவது எப்படி?

ஆங்கிலக் குடும்பப் பெயர் ஒன்றின் பூர்வீகத்தைத் தேட உட்காருகிறவர்கள் முதலில் கேட்பது ‘இந்தப் பெயருக்கு என்ன அர்த்தம்?’ என்பதைத்தான். அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். முதலில் கேட்க வேண்டியது, இந்தப் பெயர்க்காரர்கள் எந்த வட்டாரத்தில் இருந்தார்கள் என்பது. இடம் பிடிபட்டுவிட்டால் அர்த்தம் பெரும்பாலும் தானாகவே பிடிபடும். அர்த்தத்தில் தொடங்கினால், கண்ணில் பட்ட முதல் விளக்கத்தைக் கட்டிக்கொண்டு தவறான மாவட்டத்தில் வருடக்கணக்கில் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

அரிய பெயர் கிடைத்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். ஸ்மித் என்ற பெயரை எடுத்தால், 1881 கணக்கெடுப்பில் மட்டும் 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்து நிற்பார்கள். கொல்லன் இல்லாத ஊர் ஏது? ஒவ்வொரு ஊரிலும் அந்தப் பெயர் தனித்தனியாகப் பிறந்திருக்கிறது. அரிய பெயரோ பல நேரங்களில் ஒரே ஊரில், ஒரே மனிதரிடம் தொடங்கியது. அதனால் அந்தப் பெயருள்ள அத்தனை பேரையும் திரட்டிவிடுவது சாத்தியம். இந்தக் கட்டுரையில் உதாரணமாக அட்டன்பரோ என்ற பெயரைக் கையில் எடுத்துக்கொள்கிறேன். இயற்கை ஆவணப்படங்களின் டேவிட் அட்டன்பரோவும், காந்தியின் வாழ்க்கையைத் திரைப்படமாக்கிய அவருடைய அண்ணன் ரிச்சர்டும் நமக்குப் பழக்கமானவர்கள். அவர்களுடைய பெயர் எவ்வளவு அரிதானது, எவ்வளவு சிறிய நிலப்பரப்பில் பிறந்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

தொடங்கும் முன் கொஞ்சம் பின்னணி. இங்கிலாந்தில் தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கும் குடும்பப் பெயர் 1066இல் நார்மானியர் நாட்டைப் பிடித்த பிறகே மெல்லப் பரவியது. பெரிய நிலப்பிரபுக்கள் முதலில் வைத்துக்கொண்டார்கள். சாதாரணக் குடும்பங்களுக்கு அது வந்துசேர 1400 வாக்கில் ஆகிவிட்டது, வடக்கே இன்னும் தாமதம். ஊர் அல்லது நில அமைப்பு, தொழில், தந்தையின் பெயர், பட்டப்பெயர் என்று நான்கு வழிகளில் பெயர்கள் பிறந்தன. அரிய பெயர்களில் ஊர்வழிப் பெயர்கள் மிகுதி.

பெயர் ஏன் அரிதாகிறது என்பதற்குப் பெரிய மர்மம் எதுவும் தேவையில்லை. ஒருவருக்கு மட்டுமே இருந்த பெயர், அவருக்கு மகள்கள் மட்டும் பிறந்தால் அடுத்த தலைமுறையிலேயே முடிந்துவிடும். 1348–49இல் கொள்ளைநோய் வந்தபோது எத்தனையோ பெயர்கள் அப்படித்தான் அழிந்திருக்கும். குடும்பப் பெயர்கள் வெறும் தற்செயலாலேயே மறைய முடியுமா என்று 1873இல் பிரான்சிஸ் கால்ட்டன் கேள்வி எழுப்பினார். ஹென்றி வாட்சன் என்ற பாதிரியார் அதற்குக் கணித விடை தேடினார். நிகழ்தகவுக் கணிதத்தில் இன்றும் கற்பிக்கப்படும் ஒரு பாடம் அதிலிருந்து பிறந்தது.

1. தெரிந்தவரிடமிருந்து தொடங்குங்கள்

இன்று வாழும் அல்லது அண்மையில் வாழ்ந்த ஒருவரை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னோக்கிப் போங்கள். அதே பெயரில் 16ஆம் நூற்றாண்டில் ஒரு பிரபு இருந்தார் என்று படித்துவிட்டு அங்கிருந்து கீழே இறங்கிவர முயலாதீர்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றை அரசே பதிவு செய்வது 1837 ஜூலை 1 அன்று தொடங்கியது. ஃப்ரீபிஎம்டி என்ற இணையதளத்தில் இந்தப் பதிவுகளின் அட்டவணையை இலவசமாகத் தேடலாம். தலைமைப் பதிவு அலுவலகத்தின் இணைய அட்டவணையில் குழந்தையின் தாயாருடைய பிறந்த வீட்டுப் பெயரும் உண்டு. ஒரே பெயரில் இரண்டு ஜான்கள் வந்தால் பிரித்தறிய இதைவிட நல்ல கருவி கிடையாது.

பிறப்பைப் பதிவு செய்யாவிட்டால் தண்டனை என்பது 1875 முதல்தான். அதற்கு முந்தைய பிறப்பு ஒன்று அட்டவணையில் இல்லையென்றால் ஆள் இல்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். திருமணச் சான்றிதழுக்குப் பணம் கட்டத் தயங்க வேண்டாம். மணமக்கள் இருவருடைய தந்தையரின் பெயரும் தொழிலும் அதில் இருக்கும். ஒரே காகிதத்தில் இரண்டு தலைமுறை கிடைத்துவிடுகிறது.

2. எழுத்து வேறுபாடுகளைப் பட்டியலிடுங்கள்

எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் தன் பெயரை வாயால் சொன்னார்; குமாஸ்தா தன் காதுக்குப் பட்டபடி எழுதினார். 19ஆம் நூற்றாண்டின் இறுதி வரை இதுதான் நிலைமை. ஒரே பதிவேட்டின் ஒரே பக்கத்தில், ஒரே குடும்பத்துக்கு இரண்டு விதமான எழுத்துகளைப் பார்க்கலாம். அட்டன்பரோவைத் தேடுகிறவர் அட்டன்பாரோ, அட்டன்பரி, முன்னால் ஹ ஒலி சேர்ந்த ஹட்டன்பரோ என்று எல்லாவற்றையும் தட்டிப் பார்க்க வேண்டும். பழைய கையெழுத்தில் இரட்டை டி, இரட்டை எல் போலத் தெரிவதால் அட்டவணை தயாரித்தவர் ‘அல்லன்பரோ’ என்று படித்திருக்கவும் கூடும்.

உச்சரிப்புக்கும் எழுத்துக்கும் உள்ள தூரம் சில பெயர்களில் மலைக்க வைக்கும். எழுத்துக் கூட்டிப் படித்தால் ‘சோல்மொண்டலே’ என்று வருவதைச் ‘சம்லி’ என்கிறார்கள். ‘ஃபெதர்ஸ்டன்ஹாக்’ என்று படிக்கத் தோன்றுவது ‘ஃபேன்ஷா’ ஆகிவிடுகிறது. ஷஃபிள்பாட்டம் என்ற லங்காஷயர்ப் பெயரைப் பாருங்கள். பெரி நகரத்துக்கு அருகே ஷிப்பர்பாட்டம் என்ற சிற்றூர்ப் பெயரிலிருந்து வந்தது அது; ஆடுகளைக் கழுவும் நீரோடை உள்ள பள்ளத்தாக்கு என்று பொருள். பள்ளத்தாக்கைக் குறித்த அந்தச் சொல்லுக்குப் பிற்காலத்தில் பிட்டம் என்ற பொருளும் சேர்ந்துகொண்டதால், கேலிக்குக் கூசி கடைசி எழுத்துகளை மாற்றி எழுதிக்கொண்டவர்கள் உண்டு. பெயர் மாறியதற்கான காரணத்தையும் குறித்து வையுங்கள், பிறகு உதவும்.

ஆனால் ஓசை ஒத்துப்போகிறது என்பதற்காக எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடக் கூடாது. ஆடன்புரூக், ஆட்டர்பரி ஆகியவை அட்டன்பரோவின் திரிபுகள் அல்ல, தனிப் பெயர்கள். ஒரே ஆள் இரண்டு எழுத்துகளிலும் பதிவாகியிருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் இரண்டையும் இணைக்க வேண்டும்.

3. 1881ஐ வரைபடத்தில் வையுங்கள்

என்னைக் கேட்டால் இந்த வேலையின் இதயம் இந்தப் படிதான். 1881 கணக்கெடுப்பு முழுவதும் படியெடுக்கப்பட்டு ஃபேமிலிசர்ச் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலுமாக ஏறத்தாழ 2 கோடியே 60 லட்சம் பேர். உங்கள் பெயர் உள்ள எல்லோரையும் அதிலிருந்து எடுத்து ஒரு தாளில் எழுதுங்கள். அவர்கள் அப்போது குடியிருந்த ஊரைவிட, ‘பிறந்த இடம்’ என்ற பத்தியில் உள்ள ஊர் முக்கியம். ரயிலும் தொழிற்சாலைகளும் மக்களை லண்டனுக்கும் மான்செஸ்டருக்கும் இழுத்துக்கொண்டிருந்த காலம் அது. ஐம்பது வயதைத் தாண்டியவர்களின் பிறந்த ஊர்களை மட்டும் தனி நிறத்தில் குறித்தால், ரயிலுக்கு முந்தைய இங்கிலாந்து தெரியும்.

அட்டன்பரோக்களை இப்படிக் குறித்தால் நாட்டிங்ஹாம்ஷயரிலும் அதை ஒட்டிய பகுதிகளிலும் குவிவார்கள். அந்த மாவட்டத்தில் நாட்டிங்ஹாம் நகருக்குத் தென்மேற்கே, ட்ரென்ட் ஆற்றங்கரையில் அட்டன்பரோ என்றே ஒரு ஊர் இருக்கிறது. டேவிட்டின் தந்தை பிரெடரிக் 1887இல் பிறந்தது ஸ்டேபிள்ஃபோர்டில். அந்த ஊரிலிருந்து சில கிலோமீட்டர் தூரம்தான். பெயர் தோன்றி ஐந்தாறு நூற்றாண்டுகள் ஓடிய பிறகும் அந்தக் கிளை, பெயர் பிறந்த ஊரின் பக்கத்திலேயே வேர் ஊன்றியிருந்தது.

ஊரை விட்டு வெளியேறியவனுக்குத்தான் ஊர்ப் பெயர் ஒட்டும். அட்டன்பரோவுக்குள்ளேயே ஒருவரை ‘அட்டன்பரோக்காரர்’ என்று அழைப்பதில் பயனில்லை. அடுத்த ஊருக்குக் குடிபோன பிறகே அந்த அடையாளம் தேவைப்பட்டது. எனவே பெயர் தாங்கிய ஊரின் பதிவேட்டில் எதுவும் கிடைக்கவில்லை என்று மனம் தளராமல், நடந்து போகும் தூரத்தில் உள்ள சுற்று வட்டார ஊர்களில் தேடுங்கள்.

இன்றைய வரைபடத்தில் அப்படி ஒரு ஊரே இல்லை என்றால்? இடைக்காலத்தில் ஆயிரக்கணக்கான சிற்றூர்கள் ஆளற்றுப் போயின. சில ஊர்கள் ஒரே ஒரு பண்ணை வீடாகச் சுருங்கின. 19ஆம் நூற்றாண்டின் பெரிய அளவு நில அளவை வரைபடங்களை ஸ்காட்லாந்து தேசிய நூலகம் இணையத்தில் வைத்திருக்கிறது. இங்கிலாந்துக்கும் அதில் உண்டு. வயல், பண்ணை, ஓடை எல்லாவற்றுக்கும் பெயர் குறித்த வரைபடங்கள் அவை.

4. கணக்கெடுப்புகள் வழியாக 1841 வரை

பெயர் பெயராகப் பதிவு செய்த கணக்கெடுப்புகள் 1841இல் தொடங்குகின்றன. அந்த முதல் ஆண்டில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொன்னார்கள். 38 வயதுக்காரர் 35 ஆகிவிடுவார். பிறந்த ஊரும், குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்பதும் 1851 முதல் கிடைக்கின்றன. 1911க்கு முன் நாம் பார்ப்பதெல்லாம் கணக்கெடுப்பாளர் படியெடுத்து எழுதிய ஏடுகள். 1911 முதல் குடும்பத் தலைவர் தம் கையாலேயே நிரப்பிய தாள் இருக்கிறது. குடும்பத்தார் தங்கள் பெயரை எப்படி எழுதினார்கள் என்று அறிய அதைப் பாருங்கள். 1921 ஏடுகள் 2022இல் வெளியாகிவிட்டன. 1931 ஏடுகள் தீயில் போயின, 1941இல் போர் காரணமாகக் கணக்கெடுப்பே இல்லை. அந்த இடைவெளிக்கு 1939இல் எடுத்த தேசியப் பதிவேடு கைகொடுக்கும்.

5. தேவாலயப் பதிவேடுகளைப் படிக்கப் பழகுங்கள்

1837க்கு முன்னால் உங்கள் வீடு தேவாலயப் பதிவேடுதான். எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் 1538இல் ஒவ்வொரு பங்கிலும் (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட வட்டாரம்) ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் எழுதிவைக்க உத்தரவிட்டார். ஆனால் பல ஊர்களில் பதிவேடு 1558இல்தான் தொடங்கும். காரணம் இதுதான்: நைந்துபோன காகிதப் பதிவேடுகளைத் தோல் ஏட்டில் படியெடுக்கும்படி 1598இல் உத்தரவு வந்தது, ‘குறிப்பாக எலிசபெத் அரசி பட்டமேற்ற ஆண்டிலிருந்து’ என்று அதில் ஒரு வரி இருந்தது. பல பங்குகள் அந்த வரியைப் பிடித்துக்கொண்டு 1558க்கு முந்தையதை விட்டுவிட்டன. அதே சமயத்தில் ஆண்டுதோறும் ஒரு படியைப் பிஷப்புக்கு அனுப்பும் வழக்கமும் வலுப்பட்டது. மூலப் பதிவேடு எலியும் ஈரமும் தின்று போன ஊர்களில் இந்தப் படிகளே காப்பாற்றுகின்றன.

ஒரு பழைய பதிவைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். ‘ரிகார்டஸ் ஃபிலியஸ் யோஹானிஸ்’ என்று லத்தீனில் இருக்கும்; அதுவும் பாதி எழுத்துகளை விழுங்கி, மேலே ஒரு கோடு போட்டிருப்பார்கள். ஜானின் மகன் ரிச்சர்டு என்று பொருள். குலியெல்மஸ் என்றால் வில்லியம், யாகோபஸ் என்றால் ஜேம்ஸ், எகிடியஸ் என்றால் ஜைல்ஸ். பெரிய எஃப் எழுத்துக்குப் பதிலாகச் சிறிய எஃப் இரண்டை எழுதுவார்கள். சொல்லின் நடுவில் வரும் நீண்ட எஸ் பார்ப்பதற்கு எஃப் போலவே இருக்கும். தெளிவான பெயர்களை, மாதங்களை, ‘மகன்’, ‘மகள்’, ‘மனைவி’ ஆகிய சொற்களை முதலில் கண்டுபிடித்து, அதே எழுத்தர் ஒவ்வொரு எழுத்தையும் எப்படி வளைக்கிறார் என்று ஒரு சிறு அரிச்சுவடி தயாரித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு உங்கள் குடும்பப் பெயர் பளிச்சென்று எழுந்து நிற்கும்.

தேதியில் ஒரு பெரிய குழி இருக்கிறது. 1752க்கு முன் இங்கிலாந்தில் புத்தாண்டு மார்ச் 25 அன்று பிறந்தது. எனவே ‘1650 மே’ மாதம் திருமணமான தம்பதியின் குழந்தைக்கு ‘1650 பிப்ரவரி’யில் ஞானஸ்நானம் என்று கண்டால் அவர்களைச் சந்தேகிக்காதீர்கள். அந்தப் பிப்ரவரி நம் கணக்கில் 1651. குறிப்பேட்டில் ‘1650/51’ என்று இரண்டையும் சேர்த்து எழுதுவதே வழக்கம்.

1640களிலும் 1650களிலும் உள்நாட்டுப் போரால் பக்கங்கள் வெறுமையாக இருக்கும். அந்தக் காலத்துக்கு மாற்று வழிகள் உண்டு. 1641–42இல் 18 வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் விசுவாசப் பிரமாணம் எடுத்த பட்டியல்கள் பல ஊர்களுக்கு மிஞ்சியிருக்கின்றன. 1662 முதல் 1689 வரை வீட்டில் எத்தனை அடுப்பு இருக்கிறதோ அதற்கேற்ப வரி வாங்கிய ஏடுகளும் இருக்கின்றன. ஏழை ஒருவர் எந்தப் பங்கின் பொறுப்பு என்று விசாரித்த வாக்குமூலங்களைத் தவறவிடாதீர்கள்; பிறந்த ஊர், வேலை செய்த எஜமானர், திருமணம் என்று ஒரு கூலியாளின் முழு வாழ்க்கையே அதில் இருக்கும். வசதியுள்ளவர்கள் உயில் விட்டுப் போனார்கள். 1858 ஜனவரிக்கு முன் உயில்கள் திருச்சபை நீதிமன்றங்களின் கையில் இருந்தன. நாட்டிங்ஹாம்ஷயர் அப்போது யார்க் பேராயரின் எல்லைக்குள் இருந்ததால், அட்டன்பரோ ஒருவரின் உயிலை நாட்டிங்ஹாம்ஷயர் ஆவணக் காப்பகத்திலும், யார்க்கிலுள்ள போர்த்விக் நிறுவனத்திலும் தேட வேண்டும்.

6. 1538க்கு அப்பால்

இங்கே தொடர்ச்சியான வம்சாவளி பெரும்பாலும் அறுந்துவிடும். ஆனாலும் பெயரைப் பின்தொடர முடியும். 1327, 1332 ஆண்டுகளின் அசையும் சொத்து வரி, 1377, 1379, 1381 ஆண்டுகளின் தலைவரி ஆகியவற்றின் சுருள்கள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ‘ஈ 179’ என்ற வரிசையில் உள்ளன. 1381 வரிதான் குடியானவர் கிளர்ச்சியைக் கிளப்பியது. அந்தக் கோபத்துக்கு நடுவிலும் வரி கட்டியவர்களின் பெயர்கள் நமக்கு மிஞ்சியிருக்கின்றன.

1327இல் ‘இன்ன ஊர் ரிச்சர்டு’ என்று ஒருவர் கிடைத்ததும் அவரையே மூதாதையாக்கிவிட வேண்டாம். அது அவரோடு முடிந்துபோகும் அடையாளமாக இருந்திருக்கலாம். அவர் மகன் ‘தச்சன் ஜான்’ என்று அழைக்கப்பட்டிருக்கலாம். தந்தைக்குப் பின் மகனும் அதே பெயரைத் தாங்குகிறாரா, அந்த ஊரை விட்டு வந்து ஒரு தலைமுறை ஆன பிறகும் பெயர் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் அது குடும்பப் பெயராகிவிட்டது.

7. இப்போது அர்த்தத்துக்கு வரலாம்

2016இல் நான்கு தொகுதிகளாக வந்த பிரிட்டன், அயர்லாந்து குடும்பப் பெயர்களுக்கான ஆக்ஸ்ஃபோர்டு அகராதி 45,000க்கும் மேற்பட்ட பெயர்களை ஆராய்கிறது. பழைய ஆவணச் சான்றுகளை ஆண்டு வாரியாகத் தருவதால் அதையே முதலில் நம்புவேன். ஊர்ப் பெயர்களுக்கு, 1923இல் தொடங்கிய ஆங்கில இடப்பெயர்ச் சங்கத்தின் மாவட்டத் தொகுதிகள் இருக்கின்றன.

அட்டன்பரோ என்ற ஊர்ப் பெயருக்கு ‘அட்டா அல்லது ஆடி என்பவருக்குரிய கோட்டை’ என்று பொருள் சொல்கிறார்கள். ஆனால் இந்தப் பெயரை ஊரோடு சம்பந்தப்படுத்தாமல் விளக்கவும் இடமுண்டு. இடைக்கால ஆங்கிலத்தில் ‘அட்டென்’ என்றால் ‘இன்ன இடத்தில்’. ‘அட்டென் ஆஷ்’ என்று ஆஷ் மரத்தடியில் குடியிருந்தவருக்கு வந்த பெயர்தான் பின்னாளில் நாஷ் ஆனது. அதே போல ‘கோட்டையடியில் இருப்பவர்’ என்று அட்டன்பரோவையும் பிரித்துவிடலாம். சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு இந்த இரண்டில் ஒன்றைத் தீர்மானிக்க முடியாது. கோட்டையடியில் குடியிருந்தவர்கள் நாடெங்கும் இருந்திருப்பார்கள். பெயரும் நாடெங்கும் சிதறிக் கிடந்திருக்கும். ஒரே வட்டாரத்தில், அதுவும் அதே பெயருள்ள ஊரைச் சுற்றியே குவிந்திருப்பதால் ஊரின் பக்கம்தான் தராசு சாய்கிறது. மூன்றாவது படியை அவ்வளவு வலியுறுத்தியதற்குக் காரணம் இதுவே.

8. மரபணுச் சோதனை

தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கும் ஒய் குரோமோசோமும் குடும்பப் பெயரும் ஒரே பாதையில் பயணிப்பவை. 2000இல் பிரையன் சைக்ஸ், தம் பெயரையே தாங்கிய யார்க்ஷயர் வட்டார ஆண்களைச் சோதித்தபோது ஏறத்தாழ பாதிப் பேரிடம் ஒரே வகை குரோமோசோம் இருந்தது. 2009இல் லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் டூரி கிங், மார்க் ஜோப்லிங் இருவரும் 40 குடும்பப் பெயர்களைச் சேர்ந்த 1,678 ஆண்களை ஆராய்ந்தார்கள். ஸ்மித்களுக்குள் தனி உறவு எதுவும் தெரியவில்லை. பெயர் அரிதாக ஆக, உறவு நெருங்கிக்கொண்டே வந்தது. அட்டன்பரோ ஆண்களில் பத்துக்கு ஏறத்தாழ ஒன்பது பேர் ஒரே வகையைச் சேர்ந்தவர்கள். டேவிட்டின் தந்தை பிரெடரிக் 1932 முதல் 1951 வரை முதல்வராக இருந்த கல்லூரிதான் வளர்ந்து அந்த லெஸ்டர் பல்கலைக்கழகமாக ஆனது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

வகை ஒத்துப்போகாதவர்கள் மனம் புண்பட வேண்டியதில்லை. தத்தெடுப்பு, திருமணத்துக்கு வெளியே பிறப்பு, மனைவி வழிச் சொத்துக்காகப் பெயர் மாற்றிக்கொள்வது என்று எழுநூறு ஆண்டுகளில் எல்லாம் நடந்திருக்கிறது. உறவினர்களிடம் சோதனைக்குக் கேட்கும் முன், எதிர்பாராத முடிவும் வரலாம் என்று சொல்லிவிடுங்கள்.

பணத்தை இழக்காமல் இருக்க

‘உங்கள் குடும்பப் பெயரின் கேடயச் சின்னம்’ என்று கண்ணாடிச் சட்டகத்துக்குள் வைத்து விற்கிறார்கள். வாங்காதீர்கள். இங்கிலாந்தில் அந்தச் சின்னம் ஒரு தனி மனிதருக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் வழங்கப்படுவது. குடும்பப் பெயருக்கென்று சின்னம் கிடையாது. இணையத்தில் பிறர் ஏற்றிவைத்த வம்ச மரங்களையும் துப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்; மூலப் பதிவின் படத்தைப் பார்க்காமல் ஒரு பெயரையும் உங்கள் தாளில் ஏற்ற வேண்டாம். 1979இல் தொடங்கிய ஒற்றைப் பெயர் ஆய்வுக் கழகத்தில், உங்கள் பெயரை ஏற்கெனவே ஒருவர் பதிவு செய்து உலகெங்கும் திரட்டிக்கொண்டிருக்கக்கூடும். அவருக்கு ஒரு கடிதம் எழுதுவது பல மாத வேலையை மிச்சப்படுத்தும்.

தடம் சென்னையில் தொடங்கினால்

ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களுக்கும், கல்லறைக் கல்லில் ஒரு விசித்திரமான பெயரைப் பார்த்து ஆர்வம் கொண்டவர்களுக்கும் வழி சற்று வேறு. மதராஸ் மாகாணத்தின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் படிகள் 1698 முதல் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலக ஆவணங்களில் ‘என் 2’ என்ற வரிசை அது. கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயம் 1680இல் அர்ப்பணிக்கப்பட்டது. மாகாணத்துக் கல்லறை வாசகங்களை ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் தொகுத்து 1905இல் வெளியிட்டார். காலத்தில் அழிந்துபோன கற்களின் வாசகங்களுக்கு அதுதான் துணை. பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்கள் சங்கத்தின் இணையதளத்தில் பெரும்பகுதி அட்டவணையை இலவசமாகத் தேடலாம்.

இங்கே கூடுதல் எச்சரிக்கை வேண்டும். ஞானஸ்நானத்தின்போது பொறுப்பேற்றவரின் பெயரோ, வளர்த்தவரின் பெயரோ குழந்தைக்கு வந்திருக்கலாம். எனவே பெயர் ஒன்றாக இருப்பதால் மட்டும் இங்கிலாந்துக் குடும்பத்தோடு இரத்த உறவைக் கட்டிவிட முடியாது. பதிவில் தந்தையின் படைப்பிரிவு எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், கிழக்கிந்தியக் கம்பெனி தன் படைக்கு ஆள் சேர்த்துக் கப்பலேற்றிய பட்டியல்களை அடுத்து எடுங்கள். வயது, முந்தைய தொழில், இங்கிலாந்தில் பிறந்த ஊர் எல்லாம் அவற்றில் கிடைக்க வாய்ப்புண்டு. ஊர் கிடைத்ததும் அந்தப் பங்கின் பதிவேட்டைத் திறந்து, ஐந்தாவது படியிலிருந்து வேலையைத் தொடருங்கள்.